பிழையைச் சொல்பவரே நல்ல ஆட்டக்காரர்

புதிய விமானத்தைக் கட்டி முடித்தவுடன் அதில் பயணிகளை ஏற்றிவிடுவதில்லை. முதலில் அதைப் பலமுறை பறக்கவிட்டுச் சோதிக்கிறார்கள். கணிப்பொறி விளையாட்டுக்கும் இது பொருந்தும். நிரல் எழுதியவர்கள் தமக்குள் ஆடிப் பார்ப்பது ஆல்ஃபா சோதனை. வெளியாரை அழைத்து ஆடவிடுவது பீட்டா சோதனை. கிரேக்க நெடுங்கணக்கின் முதல் இரண்டு எழுத்துகளே இப்பெயர்கள்.

இன்று பல இணைய விளையாட்டுகளின் புதிய பதிப்புகள் பீட்டா நிலையிலேயே மாணவர் கைக்கு வந்துவிடுகின்றன. பிறருக்கு முன்னால் நமக்குக் கிடைத்ததே என்ற மகிழ்ச்சியோடு பலர் நின்றுவிடுகிறார்கள். அது போதாது என்பேன். பீட்டாவில் நுழைகிறவர் ஓர் ஆய்வாளரின் பொறுப்பையும் ஏற்கிறார்.

எழுதியவர்களே சோதித்தால் ஆகாதா? ஒரு சிறு கணக்குப் போடுங்கள். 10 பேர் ஆடும்போது, ஒருவரோடு ஒருவர் மோதக்கூடிய சோடிகள் 45. அதே ஆட்டத்தில் 3,000 பேர் நுழைந்தால் சோடிகள் 44,98,500. ஆட்கள் பெருகியது 300 மடங்கு. சோடிகள் பெருகியது ஏறத்தாழ ஒரு லட்சம் மடங்கு! இத்தனை சந்திப்புகளில் என்னென்ன நிகழும் என்பதை எந்த நிபுணராலும் முன்கூட்டிச் சொல்ல இயலாது.

'அல்டிமா ஆன்லைன்' இதற்கு நல்ல சான்று. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில் ஒரிஜின் நிறுவனம் உருவாக்கிய இந்த ஆட்டம் 1997 செப்டம்பரில் வெளியாயிற்று. அதற்குள் ஓர் உயிரினச் சூழலையே அமைக்க முயன்றார்கள். புல்லைத் தின்ன விலங்குகள், அவற்றை வேட்டையாட ஓநாய்கள் என்று உணவுச் சங்கிலி வகுத்தார்கள். ஆட்டக்காரர்கள் ஆயிரக்கணக்கில் நுழைந்ததும் நடந்தது என்ன? விலங்குகள் பெருகும் வேகத்தைவிட அவற்றைக் கொல்லும் வேகம் மிகுந்துவிட்டது. பாடுபட்டு அமைத்த ஏற்பாட்டின் பெரும்பகுதியை நீக்க வேண்டியதாயிற்று.

அதே ஆண்டு ஆகஸ்டில், பீட்டா சோதனையின்போது இன்னொரு விந்தை நிகழ்ந்தது. மையக் கணிப்பொறி எத்தனை பேரைத் தாங்கும் என்று பார்க்க ஆட்டக்காரர்களைத் திரட்டியிருந்தார்கள். ஆட்டத்தை உருவாக்கிய ரிச்சர்ட் கேரியட், 'லார்டு பிரிட்டிஷ்' என்னும் அரசராக அங்கே தோன்றினார். அரசருக்குச் சாகா வரம் உண்டு. ஆனால் ஒவ்வொரு முறை உள்ளே நுழையும்போதும் அவ்வரத்தைப் புதிதாகப் பெற்றாக வேண்டும். சற்று முன்பு மையக் கணிப்பொறி செயலிழந்திருந்தது. மீண்டும் நுழைந்தபோது கேரியட் வரத்தை மறந்துவிட்டார். ஓர் ஆட்டக்காரர் நெருப்பு மந்திரத்தை ஏவ, அரசர் மாண்டார்!

அந்த ஆட்டக்காரர் பின்னர் சோதனையிலிருந்து விலக்கப்பட்டார். அரசரைக் கொன்றதற்காக அல்ல, முன்பே அறிந்த பிழைகளைத் தெரிவிக்காமல் தம் ஆதாயத்துக்குப் பயன்படுத்தியதற்காகவே விலக்கினோம் என்று நிறுவனம் கூறிற்று. இந்த வேறுபாட்டை நாம் மனத்தில் இருத்த வேண்டும். அரசர் மாண்டதால் ஏற்பாட்டிலுள்ள ஓட்டை ஒன்று எல்லாருக்கும் தெரிந்தது; அது சோதனைக்குக் கிடைத்த ஊதியம். கண்ட பிழையை மறைப்பதோ சோதனையின் நோக்கத்தையே கெடுத்துவிடும். ஆய்வுக்கூடத்தில் தனக்குப் பிடிக்காத அளவீட்டை ஏட்டில் எழுதாமல் விடும் மாணவரை என்னென்போம்?

பிழையைச் சொல்வதற்கும் முறை உண்டு. "ஆட்டம் நின்றுபோயிற்று" என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. "பை நிறைந்திருக்கும்போது நண்பரிடம் பொருள் வாங்கினேன், 5 முறையில் 4 முறை ஆட்டம் நின்றது. பையைக் காலி செய்துவிட்டு அதையே 5 முறை செய்தேன், ஒருமுறையும் நிற்கவில்லை" என்று எழுதிப் பாருங்கள். ஒன்றை மட்டும் மாற்றி மற்றவற்றை மாற்றாமல் வைக்கும் இம்முறை, உங்கள் இயற்பியல் செய்முறை வகுப்பில் கற்றதுதான். பதிப்பின் எண்ணையும் கருவியின் வகையையும் சேர்த்து எழுதினால், நிரல் எழுதியவர் அதே பிழையைத் தம் மேசையில் வரவழைத்துக் காண முடியும்.

"கூலியில்லாமல் நாம் ஏன் உழைக்க வேண்டும்?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. அதனால்தான் நிறுவனங்களுக்கும் கடமை உண்டு என்கிறேன். இது முடிவுபெறாத பதிப்பு என்பதையும், சேர்த்த புள்ளிகள் அழிக்கப்படலாம் என்பதையும், கருவியிலிருந்து என்னென்ன விவரங்கள் எடுக்கப்படுகின்றன என்பதையும் அவை முன்னதாகவே சொல்ல வேண்டும். வந்த பிழைக் குறிப்புகளுக்கு மறுமொழி தரவேண்டும். இவற்றைச் செய்யாத நிறுவனத்தின் சோதனையில் சேர மறுக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

சேர்ந்துவிட்டால், பக்கத்தில் ஒரு குறிப்பேட்டை வைத்துக்கொண்டு ஆடுங்கள். பிழை கண்ணில் பட்டதும் மீண்டும் செய்து பாருங்கள், எழுதுங்கள், அனுப்புங்கள். உங்களுக்குப் பின் வருகிற ஆட்டக்காரர்கள் அதே குழியில் விழாமல் இருப்பார்கள்.