பேய்க்கு ஏன் வெள்ளைச் சேலை?

திகில் குறும்படம் எடுக்கப் புறப்படும் மாணவத் தோழர்களின் கையிலே ஒரு பட்டியல். வெள்ளைச் சேலை ஒன்று. முழங்கால் தொடும் சவுரி ஒன்று. மல்லிகை நான்கு முழம். கொலுசு ஒரு சோடி. எலுமிச்சம்பழம், குங்குமம், வேப்பிலை தேவையான அளவு! கேமரா இன்று கைப்பேசிக்குள் அடங்கிவிட்டது; பட்டியலோ பாட்டி சொன்ன கதையை விட்டு ஓரடியும் நகரவில்லை.

படம் எடுக்காதீர் என்று கூற வரவில்லை நாம். அச்சமும் ஒரு சுவை. எண்வகை மெய்ப்பாடுகளுள் அதற்கும் இடமளித்த தொல்காப்பியர், அச்சம் பிறக்கும் களங்கள் நான்கு என்றார்: வருத்தும் தெய்வம், கொல்லும் விலங்கு, கொள்ளையிடும் கள்வர், தண்டிக்கும் தலைவர். நான்கிலே மூன்று, கண்ணால் காண்பவை! அந்த மூன்றையும் தள்ளிவிட்டு, எவரும் காணாத ஒன்றுக்கு மட்டும் உடை தேடுவானேன்?

அந்த உடைதான் யாருடையது? கணவனை இழந்தவள் மீது சமுதாயம் சுற்றிய சேலை அது. அவள் மறுமணத்துக்குச் சட்டம் 1856ஆம் ஆண்டிலேயே இடம் தந்தது, ஊர் தரவில்லை. பூவைப் பறித்தது, பொட்டை அழித்தது, எதிரே வந்தால் சகுனம் சரியில்லை என்றது. வாழும்போது மறுத்த பூவை, அவளைப் பேயாக்கிய பிறகு முழம் முழமாகச் சூட்டுகிறதே திரைப்படம், என்னே அதன் தாராளம்! 1966இல் வந்த 'யார் நீ' படத்தில் வெள்ளைச் சேலை உருவம் உலவியது. அது பேயன்று, சொத்துக்காகப் பின்னிய சூழ்ச்சி என்று முடிவில் கதையே ஒப்புக்கொண்டது. சூழ்ச்சி மறக்கப்பட்டது, சேலை மட்டும் நிலைத்துவிட்டது.

"மரபான உடையென்றால் செலவு குறைவு, பார்ப்பவனுக்கும் உடனே புரியும்" என்பாரும் உளர். செலவு குறைய வெள்ளைச் சேலைதானா வழி? 1960இல் ஹிட்ச்காக் தம் 'சைக்கோ' படத்தின் குளியலறையில் ஓடவிட்ட குருதி, சாக்லேட் பாகு! கறுப்பு வெள்ளைப் படத்தில் அதுவே இரத்தமாயிற்று. 1978இல் 'ஹாலோவீன்' கொலைகாரன் அணிந்தது, இரண்டு டாலருக்கும் குறைவாகக் கடையில் வாங்கி வெள்ளையடித்த முகமூடி. அந்த அச்சத்தைப் பேய் தரவில்லை. பாகும் பூச்சும் மனிதனின் கைத்திறனும் தந்தன.

புதிய பட்டியல் ஒன்று நாம் தருவோம். இரும்பு மூடி ஒன்று, தாம்புக் கயிறு ஒன்று, வாளி ஒன்று, கழற்றி வைத்த பழைய சட்டை ஒன்று, செருப்பு ஒரு சோடி. பாதுகாப்பின்றிச் சாக்கடைக் குழியில் மனிதரை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. ஆயினும் நச்சுக்காற்றுக்கு இன்றும் உயிர்கள் பலியாகின்றன. மூடி திறந்திருக்கட்டும். கயிறு ஒருமுறை துடித்து அடங்கட்டும். சட்டைப் பையிலே மகள் எழுதித் தந்த கடைச் சீட்டு தெரியட்டும். உண்மைக் குழியில் எவரையும் இறக்க வேண்டா. மூடியும் இருளும் போதும். கொலுசொலி தராத நடுக்கத்தை, உரியவன் திரும்பாத அந்தச் செருப்பு தரும்!

தோழர்களே! பேயைக் கண்டு நடுங்கியவன் படம் முடிந்ததும் வேப்பிலையைத் தேடுவான். குழியைக் கண்டு நடுங்கியவன், அதனுள் மனிதனை இறக்கியவன் யாரென்று கேட்பான். இவ்விருவரில் எவனை உருவாக்கப் போகிறீர்கள்? எழுதுகோலை எடுங்கள், பட்டியலின் முதல் வரியை அடித்துவிடுங்கள்!