ஹவுஸ் காஸ் ஏரியின் கீழ்வானம்
தில்லியில் அந்தியைப் படம்பிடிக்க விரும்புகிறவர்களை ஹவுஸ் காஸுக்குத்தான் போகச் சொல்வேன். தில்லி சுல்தான் அலாவுதீன் கில்ஜி, தன் கோட்டை நகரான சிரியின் தாகம் தீர்க்க வெட்டிய ஏரி அது. 1352இல் ஃபிரோஸ் ஷா துக்ளக் அதன் கிழக்கு, தெற்குக் கரைகளில் மதரஸா எழுப்பினார். கிழக்குக் கரை மாடத்தில் நின்றால் சூரியன் தண்ணீருக்கு அப்பால், நேர் எதிரே இறங்கும். காற்று அடங்கிய மாலையில் வானம் இரண்டாகிவிடும். நீரில் தெரிவது மேலிருப்பதைவிட இருண்டு, நிறம் கனத்திருக்கும். எனக்குப் பிடித்தது அந்தக் கீழ்ப்பாதிதான். மேல்பாதியை எந்த மொட்டைமாடியிலிருந்தும் எடுத்துவிடலாமே. ஒரு நீர்க்காகம் முங்கி எழுந்தால் போதும், விரித்த பட்டில் விழுவதுபோல் நீர்ப்பரப்பு முழுக்கச் சுருக்கம் விழும். அது அடங்கும்வரை விரலைப் பொத்தானில் வைத்துக் காத்திருப்பது தனிச் சுகம். ஒன்றுதான் எனக்குப் பொறுக்கவில்லை: கணினியில் நிறத்தை ஏற்றி, தண்ணீரைக் காஷ்மீர் ஏரிபோல நீலமாக்கிவிடுகிறார்கள். வறண்டு கிடந்த இந்த ஏரிக்கு இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் உயிர் கொடுத்தது வசந்த் குஞ்ச் நிலையத்திலிருந்து வரும் சுத்திகரித்த கழிவுநீர். பாசியின் பச்சை கலந்த பொன்னிறம்தான் அதன் அந்தி நிறம். அதைப் படத்தில் அப்படியே விட்டுவையுங்கள்.