தாலி ஏறுறதுக்கு முன்னே ஆர்.ஓ.எம். ஆச்சா?



நம்ம செலாயாங் கோவிலில் கல்யாணத்துக்கு நாள் கேட்டு வருகிறவர்களிடம் தொண்டர்கள் நாங்கள் முதலில் கேட்பது ஆர்.ஓ.எம். சர்டிபிகேட். சிலருக்கு வருத்தம். "அம்பாள் சாட்சியா தாலி கட்டுறோம், கவர்மென்ட் பேப்பர் எதுக்கு?" என்கிறார்கள். தம்பதிக்கு அம்பாள் சாட்சி போதும். பிறக்கப் போற பிள்ளைக்குப் போதாது.

விஷயம் ஐசி நம்பர்தான். 12 எண். முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த மாநிலம் (சிலாங்கூர்னா 10, கோலாலம்பூர்னா 14), கடைசி எண் ஒற்றைப்படைன்னா ஆண், இரட்டைப்படைன்னா பெண். நம்மில் பலர் அதை மனப்பாடமா சொல்லுவோம், அருமை தெரியாது. 2025 ஆகஸ்ட் 31 முதல் 18 வயசு தாண்டிய குடிமக்களுக்கு மைகாட்டில் 100 ரிங்கிட் வந்துச்சு. செப்டம்பர் கடைசியில் பெட்ரோல் 1.99 ஆச்சு, அதுவும் மைகாட் உள்ளவங்களுக்குத்தான். கவர்மென்ட் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளி, வெளிநாட்டுக்காரருக்கு வேற கட்டணம். சிவப்பு ஐசி வெச்சிருக்கிறவருக்கும் 12 எண் உண்டு, ஆனா ஓட்டும் இல்லை, அந்த 100 ரிங்கிட்டும் 1.99 பெட்ரோலும் இல்லை.

இதுல தாலி எங்கே வருது? நம்ம நாட்டு அரசியல் சட்டப்படி, இங்கே பிறக்கும் பிள்ளைக்கு அப்பா அல்லது அம்மா ஒருவர் குடியுரிமை உள்ளவரா இருந்தா பிள்ளையும் குடிமகன். ஆனா பெற்றோர் சட்டப்படி கல்யாணம் ஆகாதவங்கன்னா அப்பாவைக் கணக்கில் எடுக்க மாட்டாங்க, அம்மாவின் நிலைதான் பிள்ளைக்கு. அப்பா நீல ஐசி, அம்மா தமிழ்நாட்டிலிருந்தோ இந்தோனேசியாவிலிருந்தோ வந்தவங்க, கோவில்ல தாலி மட்டும் கட்டியிருக்காங்கன்னு வைங்க. செலாயாங் ஆஸ்பத்திரியிலேயே பிறந்தாலும் அந்தப் பிள்ளையின் சூராட் பெரானாக்கில் 'புக்கான் வார்காநெகாரா' என்றுதான் வரும். பிறகு ஆர்.ஓ.எம். எடுத்தா தானா மாறிடாது. 15ஏ பிரிவில் மனு போட்டுட்டு வருஷக்கணக்கா காத்திருக்கணும்.

தோட்டத்துப் பாட்டிமார் கதை வேற. வீட்டிலேயே மருத்துவச்சி கையில் பிறந்தாங்க, பதிவு செய்ய ஆளில்லை. 2018-இல் 60 வயசு தாண்டிய 3,407 இந்தியர்களுக்குக் குடியுரிமை தரப்போவதாக அரசு அறிவிச்சது. ஆயுசு பூரா சிவப்பு அட்டையோட இருந்துட்டு, பேரன் பேத்தி எடுத்த பிறகு! அவங்களுக்கு அப்போ எழுதப் படிக்கத் தெரியல. நமக்குத் தெரியுது. 1982 மார்ச் 1-லிருந்து திருமணப் பதிவு சட்டம்னும் தெரியுது. அப்புறமும் "பிறகு பார்த்துக்கலாம்"னா அதை எங்களால ஏத்துக்க முடியல.

நாம மறுத்தா வேற கோவிலுக்குப் போவாங்கன்னு கமிட்டியிலேயே ஒரு பேச்சு உண்டு. போகட்டும்னு விட எங்களுக்கும் மனசில்லை. அதனாலதான் நாள் தர மாட்டோம்னு சொல்லல. ஜேபிஎன்னில் மனு கொடுத்த சீட்டைக் காட்டுங்க, நாளைக் குறிச்சு வைக்கிறோம்னு சொல்றோம். அறிவிப்பு ஒட்டி 21 நாள், அவ்வளவுதான். பத்திரிகை அடிக்கவே அதைவிட நாள் ஆகுது. மற்ற கோவில் நிர்வாகங்களும் இதையே கேட்டா, போறதுக்கு வேற இடம் இருக்காது.

பொண்ணுக்கே ஐசி இல்லைன்னா ஆர்.ஓ.எம். எடுக்க முடியாது. அப்படிப்பட்ட குடும்பத்தைத் திருப்பி அனுப்புறது பாவம். முதல்ல அந்தப் பிள்ளையின் பேப்பர் வேலையில் கூட நிற்போம், தாலி அப்புறம்.

வெள்ளிக்கிழமை இரவு பூசை முடிஞ்சதும் செருப்பு வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருப்போம். பிள்ளை பிறந்து 60 நாள் தாண்டியும் பதியாதவங்க, சிவப்பு ஐசி தாத்தா பாட்டி, யாரா இருந்தாலும் வாங்க. நகல் போதும். தயவுசெஞ்சு ஐசி படத்தை இங்கே கமெண்டில் போடாதீங்க.