கயிற்றில் பறக்கும் விமானம்: வீடே சேர்ந்து விளையாடலாம்!



எங்க அப்பா பெங்களூரில் சென்ட்ரிங் வேலை செய்கிறார். பதினைந்து நாளைக்கு ஒருமுறை சனிக்கிழமை ராத்திரி பஸ்ஸில் வருவார். ஞாயிறு முழுக்கத் தூங்குவார், இல்லாவிட்டால் செல்போன் பார்ப்பார். நானும் தம்பியும் ஆளுக்கொரு மூலையில் இருப்போம். அம்மா அடுப்படியில். நம்ம தருமபுரி பக்கம் நிறைய வீட்டில் இதே கதைதானே?

போன வருஷம் கோவையில் படிக்கும் பெரியம்மா மகன் அண்ணனைப் பார்க்கக் குடும்பத்தோடு போனோம். அவர் என்.சி.சி. விமானப் பிரிவில் இருக்கிறார். அண்ணனும் அவர் நண்பர்களும் சேர்ந்து செய்த ஒரு சின்ன விமானத்தை மைதானத்தில் பறக்கவிட்டுக் காட்டினார்கள். இதற்கு 'கன்ட்ரோல் லைன்' என்று பெயர். ரிமோட் கிடையாது. இரண்டு மெல்லிய கம்பிகள்தான். ஒரு முனை விமானத்தில், மறுமுனை கைப்பிடியில். கைப்பிடியை மேலே சாய்த்தால் விமானம் ஏறும், கீழே சாய்த்தால் இறங்கும். ஓட்டுபவர் நடுவில் நின்று அதோடு சேர்ந்து சுற்றுவார். புதுசா ஓட்டினால் தலை சுற்றும்! அமெரிக்காவின் ஜிம் வாக்கர் 1940-களில் பரப்பிய விளையாட்டு இது. இன்றைக்கும் என்.சி.சி.யின் அகில இந்திய வாயு சைனிக் முகாமில் இதற்குப் போட்டி உண்டு.

அண்ணன் எங்க அப்பாவைக் கூப்பிட்டு, "சித்தப்பா, நீங்க விமானத்தைப் பிடிச்சிக்கோங்க. நான் கை காட்டினதும் விட்டுடுங்க, தள்ளக் கூடாது. விட்டதும் வட்டத்துக்கு வெளியே போயிடுங்க" என்றார். அப்பா பயந்து பயந்துதான் பிடித்தார். விட்டதும் சின்னப் பையன் மாதிரி பின்னாடியே ஓடி வந்து, "ஏம்மா, நூல் கட்டி மட்டம் பார்த்த மாதிரி போகுது பாரு!" என்று சிரித்தார். திரும்பி வரும்போது சேலம் வந்ததே தெரியவில்லை. அப்பா என்னிடம் அவ்வளவு நேரம் பேசியது அதுதான் முதல் தடவை.

அதனால்தான் இதை எழுதுகிறேன். செல்போன் விளையாட்டை ஒருத்தரே ஆடலாம். இந்த விமானத்துக்குப் பெரும்பாலும் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கைப்பிடியோடு நடுவில் நிற்க, இன்னொருவர் இஞ்சினைக் கிளப்பி விமானத்தைப் பிடித்து விட வேண்டும். உலகப் போட்டிகளில் 'டீம் ரேஸ்' என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு அணியிலும் ஒரு ஓட்டுநர், ஒரு மெக்கானிக். கம்பியின் நீளம் 15.92 மீட்டர். ஏன் இந்தக் கணக்கு தெரியுமா? 2πr போட்டுப் பாருங்கள், ஒரு சுற்று 100 மீட்டர் வரும். 100 சுற்று அடித்தால் 10 கிலோமீட்டர்!

"இதனால படிப்பு கெடும்" என்பார்கள். அரை கிலோ விமானம் ஒரு சுற்றை 5 விநாடியில் முடித்தால் வேகம் விநாடிக்கு 20 மீட்டர். மையநோக்கு விசை சுமார் 12.6 நியூட்டன், அதாவது கிட்டத்தட்ட 1.3 கிலோ எடையைக் கையில் பிடித்திருப்பது போல. பாடத்தில் எனக்குப் புரியாதது மைதானத்தில் புரிந்தது.

"பொட்டப் புள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று எங்க பாட்டி கேட்டார். ரைட் சகோதரர்களின் அம்மா சூசன் தன் கையாலேயே பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பொருள் செய்து கொடுத்தவர். அப்பா மில்டன் 1878-ல் ரப்பரால் பறக்கும் ஒரு பொம்மையை வாங்கி வந்தார். அது உடைந்ததும் பிள்ளைகள் அதே மாதிரி தாங்களே செய்தார்கள். 1903-ல் நிஜ விமானமே பறந்தது. வீட்டில் யாராவது, "போய் வேற வேலையைப் பாரு" என்று சொல்லியிருந்தால்?

செலவு இருக்கிறது, மறுக்கவில்லை. இஞ்சின் நம்ம ஊர்க் கடையில் கிடைக்காது. ஆனால் நாலு குடும்பம் சேர்ந்து ஒரு விமானம் வைத்துக்கொள்ளலாம். அதற்கு முன்னால் தெர்மாகோல் கிளைடரில் ஆரம்பிக்கலாம். இதைச் செய்யும் திறமை நம் வீடுகளிலேயே இருக்கிறது. மரவேலை தெரிந்த தாத்தா, பட்டறை வைத்திருக்கும் மாமா, தையல் தெரிந்த அம்மா எல்லாருக்கும் இதில் வேலை உண்டு. இந்த இஞ்சின்களுக்கான எரிபொருளில் ஆமணக்கு எண்ணெய்கூடச் சேர்ப்பார்கள். நம்ம விளக்கெண்ணெய்தான்!

ஒரே ஒரு எச்சரிக்கை: மின்கம்பி போகும் இடத்துக்குப் பக்கத்தில் பறக்கவிடவே கூடாது. கையில் இருப்பது உலோகக் கம்பி. உயிருக்கே ஆபத்து.

என் வேண்டுகோள் இதுதான். அடுத்த பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் இதைப் பேச வேண்டும். மாதத்தில் ஒரு ஞாயிறு பள்ளி மைதானத்தைத் திறந்து விடுங்கள். பிள்ளைகள் மட்டும் வந்தால் சேர்க்காதீர்கள், வீட்டிலிருந்து ஒரு பெரியவரைக் கட்டாயம் கூட்டி வரச் சொல்லுங்கள்.

கம்பி தொய்ந்தால் விமானம் நம் பேச்சைக் கேட்காது. வீடும் அப்படித்தான் என்று தோன்றுகிறது. எங்க அப்பா அடுத்த சனிக்கிழமை வருகிறார். தெர்மாகோல் வாங்கி வைத்துவிட்டேன்!

சிந்திப்போம்... சேர்ந்து பறப்போம்!

– பதினோராம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி