ஹார்ஸ் மலைக்கு மூன்று நாள்

கோடை விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று கேட்கும் குடும்பங்களுக்கு நாம் சொல்வது ஹார்ஸ் மலை. ஹனோவரிலிருந்து கொஸ்லார் நகருக்குச் சுமார் 90 கிலோமீற்றர்தான்.

கொஸ்லாரின் பழைய நகரும் அருகிலுள்ள றம்மல்ஸ்பேர்க் சுரங்கமும் 1992 இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் தோண்டிய சுரங்கம் 1988 இல் மூடப்பட்டு, இப்போது அருங்காட்சியகம். உள்ளே குளிரும், பிள்ளைகளுக்குச் சுவெற்றர் எடுங்கள்.

மறுநாள் மலைப்பாதையால் வெர்னிகறோட. வழியில் காடு காடாய்ப் பட்டுப்போன மரங்கள். 2018 இல் தொடங்கிய வறட்சியும் பட்டை வண்டும் செய்த வேலை. 1141 மீற்றர் உயரமான புறொக்கன் உச்சிக்குக் காரில் போகமுடியாது. வெர்னிகறோடவில் கரிக்கோச்சி ஏறவேண்டும். ரிக்கற் மலிவல்ல, ஆனாலும் ஏறுங்கள்.

இந்த உச்சி 1961 முதல் 1989 டிசம்பர் வரை சனங்களுக்கு மூடிக் கிடந்தது. கிழக்கு ஜேர்மன் எல்லைப்படையும் சோவியத் படையும் அங்கே இருந்தன. உயர் பாதுகாப்பு வலயம் என்றால் என்னவென்று நமக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

இன்று வேலி இல்லை. ஆனால் நாம் நீடர்சாக்சனை விட்டு சாக்சன்-அன்ஹால்ற் மாநிலத்துக்குள் போகிறோம். அகதி வழக்கு முடியாதவர்கள் முதலில் கையிலுள்ள கடதாசியைப் பாருங்கள். மூன்று மாதம் கடந்தால் பொதுவாக இடக்கட்டுப்பாடு நீங்கும். ஆரம்ப முகாமில் தங்கியே ஆகவேண்டியவர்களுக்கு நீங்காது. அவர்கள் அனுமதியை எழுத்தில் எடுத்தபின்பே புறப்படவேண்டும். 'ஒருத்தரும் பார்க்கமாட்டினம்' என்ற கதையை நம்பவேண்டாம்.

மூன்றாம் நாள் குவெட்லின்பேர்க். 1994 இல் யுனெஸ்கோ ஏற்ற நகரம், மரச்சட்ட வீடுகள் ஆயிரத்துக்கு மேல். ஒழுங்கைகள் கல் பாவியவை, பிள்ளை வண்டி தள்ளுவது சிரமம்.