கதிருக்குத் தனி விலை வேண்டும்

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலிருந்து வெளிவரும் தினமணியின் உள்ளே மடித்துச் செருகப்பட்டு ஞாயிறுதோறும் வீடு வந்து சேரும் தினமணி கதிர், ஒரு காலத்தில் பெட்டிக்கடைகளில் தனியே தொங்கி, தனி விலைக்கு விற்ற வார இதழ் என்பது இன்றைய வாசகர் பலருக்குத் தெரியாது. எழுத்தாளர் சாவியை ஆசிரியராகக் கொண்டிருந்த அவ்விதழில்தான், பின்னர் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' என்று நூலாகி 1972இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற ஜெயகாந்தனின் நாவல், 'காலங்கள் மாறும்' என்ற தலைப்பில் தொடராக வந்தது. இன்றோ கதிர் இணைப்பிதழாக, அதாவது நாளிதழோடு இலவசமாக வரும் பகுதியாக, சுருங்கிவிட்டது. காசு கொடுத்துத் தேடி வாங்கும் வாசகரே ஓர் ஆசிரியருக்குத் துணிவு தருபவர் என்பதால், இந்தச் சுருக்கம் தமிழ் இதழியலுக்கு நேர்ந்த உண்மையான இழப்பு.