கலயத்தை இறக்கத் தெரிய வேண்டும்

ஆண்டு முழுதும் குஞ்சு கிடைக்கும் என்று எண்ணி லவ் பேர்ட்ஸ் வாங்குவது சரியல்ல. சந்தையில் இப்பெயரில் விற்கப்படுபவை பெரும்பாலும் ஆஸ்திரேலியாவின் பட்ஜரிகர் கிளிகள். (உண்மையான லவ் பேர்ட்ஸ் ஆப்பிரிக்காவைச் சேர்ந்தவை.) புதுக்கோட்டைப் புன்செய்க்காரரைப் போலவே பட்ஜரிகருக்கும் வானம் பார்த்த பிழைப்புத்தான். மழை பெய்து புல்லில் விதை பிடித்தால் முட்டையிடும், வறண்டால் நிறுத்திவிடும். கூண்டிலோ தீவனம் என்றும் உண்டு; கலயமும் தொங்குகிறது. பெட்டை ஓயாமல் முட்டையிட்டு, சுண்ணாம்புச் சத்து வற்றி, கடைசியில் முட்டை அடைத்து மாண்டுபோகிறது.

துவக்கத்திற்கு, ஒரு வயது நிரம்பிய இரண்டு மூன்று ஜோடிகளே போதும். அலகுக்கு மேலுள்ள மூக்குப் பகுதி ஆணுக்குப் பெரும்பாலும் நீலமாகவும், பருவமடைந்த பெட்டைக்குப் பழுப்பாகவும் இருக்கும். 4 முதல் 6 முட்டையிடும். 18 நாளில் பொரிந்து, சுமார் 5 வாரத்தில் குஞ்சுகள் கலயத்தை விட்டு வெளிவரும். தினையோடு முருங்கைக்கீரையும் கணவாய் ஓடும் வைக்க வேண்டும். கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் மீனவர்களிடம் கேட்டால் ஓடு கிடைக்கும்.

பனைப்பொந்திலிருந்து பச்சைக்கிளிக் குஞ்சை எடுத்து வந்து வளர்ப்பவர்களும் உண்டு. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

இரண்டு முறை குஞ்சு எடுத்ததும் கலயத்தை இறக்கிவிட வேண்டும். வரும்படி குறையுமே என்பர், குறையத்தான் செய்யும். ஆனால் பெட்டை செத்தால் ஜோடியே போயிற்று. சித்திரை, வைகாசி வெயில் ஓய்வுக்கு ஏற்ற காலம். கலயத்தைக் கழுவிக் காயவைத்து, ஆடி கழிந்து மாட்டலாம்.